கேள்வி-பதில்: இரண்டு கார்டின் கிளாக்கும் ஒரே வேகத்தில் ஓட

கேள்வி: ஒரே கணினியில் ஒரே மாடல் நெட்வொர்க் கார்டு இரண்டு போட்டிருக்கிறேன். இரண்டின் கிளாக்கும் நாளுக்கு நாள் விலகுகின்றன. ஒன்றை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம், பணம்தான் வீண். கார்டுக்குக் கார்டு கிளாக்கை ஓட்டும் கிரிஸ்டல் வேறு. அதிர்வெண்ணில் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, வித்தியாசம் இருந்தாலே நாளுக்கு 86.4 மில்லிசெகண்ட் விலகும். லினக்ஸ்பிடிபி மென்பொருள் தொகுப்பில் உள்ள 'பிஎச்சி2சிஸ்' (phc2sys) ஒரு கார்டின் கிளாக்கைப் பார்த்து மற்றதன் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அது இலவசம்.

கேள்வி: கார்டின் பெட்டியில் 'பிடிபி ஆதரவு' (பிடிபி: நெட்வொர்க் வழியாகக் கிளாக்குகளை ஒத்துப்போக வைக்கும் முறை) என்று போட்டிருந்தது. நேரமோ தாறுமாறாக ஆடுகிறது.

பதில்: இந்த இரண்டு வார்த்தையை நம்பி நானும் நான்கு கார்டு வாங்கி ஏமாந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிடிபி மென்பொருள் எந்தக் கார்டிலும் ஓடும். அதனால் விற்பவர் சொன்னது பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. பாக்கெட் கம்பியைத் தொடும் கணத்தில் கார்டே நேரத்தைக் குறிக்கிறதா என்பதுதான் விஷயம். குறிக்காவிட்டால் அந்த வேலை இயங்குதளத்தின் தலையில் விழும். அங்கே வரிசையில் காத்திருக்கும் நேரம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். அதை வைத்து அதிர்வெண்ணைத் திருத்தினால் ஆட்டம்தான் மிஞ்சும். லினக்ஸில் 'ஈத்டூல்' (ethtool) கட்டளையோடு பெரிய எழுத்து 'டி' (-T) கொடுத்துப் பாருங்கள். 'பிடிபி ஹார்டுவேர் கிளாக்' என்ற வரியில் எண் இருந்தால் கிளாக் உண்டு. 'நன்' (none) என்றால் இல்லை. இந்த ஒரு தகவலைப் பெட்டியில் அச்சிட என்ன தடை?

கேள்வி: நெட்வொர்க் கம்பி வழியாகவே அதிர்வெண்ணைக் கடத்தும் சின்க்-ஈ (SyncE) கார்டு இரண்டு வாங்கிவிட்டேன். நடுவில் இருப்பது சாதாரண ஸ்விட்ச். பலன் உண்டா?

பதில்: இல்லை. வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் அதிர்வெண்ணைக் கடத்த வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: விலை கூடிய ஓசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாறாமல் வைக்கப்படும் கிரிஸ்டல்) உள்ள கார்டுகள் தாமாகவே ஒத்துப்போகுமா?

பதில்: போகாது. மெதுவாக விலகும், அவ்வளவுதான்.

கேள்வி: விளம்பரப் படத்தில் 1பிபிஎஸ் கனெக்டர் இருந்தது. வந்த கார்டில் வெறும் துளைகள். 'படம் மாதிரிக்குத்தான்' என்கிறார் விற்றவர்.

பதில்: தவறு உங்கள்மேல் இல்லை. நொடிக்கு ஒரு துடிப்பைக் கேபிள் வழியாக அடுத்த கார்டுக்கு அனுப்பத்தானே அதை வாங்கினீர்கள்? விளம்பரப் பக்கத்தை அது மாறுவதற்குள் படமெடுத்து வையுங்கள். கார்டின் இரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். அப்புறம் முழுப் பணத்தையும் எழுத்துமூலம் கேளுங்கள். கனெக்டரை நீங்களே சால்டர் செய்யாதீர்கள். செய்தால் திருப்பி வாங்க மறுக்க அவருக்கு அதுவே சாக்காகிவிடும்.