பர்மிட் கைக்கு வரும்வரை பணம் வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். பிப்ரவரியில் மனைவியோடு லட்சத்தீவு போய் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை. பர்மிட், தங்குமிடம், டைவிங் சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து மூன்று நாள் பேக்கேஜ் என்று ஓர் ஏஜென்ட் ஆளுக்கு 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அதை ஃபார்மில் எழுத வேண்டாம் என்கிறார். திரும்பி வந்த கையோடு குன்னூரில் மைத்துனர் வீட்டு விசேஷம் வேறு இருக்கிறது. டைவிங் முடித்து உடனே மலை ஏறக்கூடாதாமே, உண்மையா? முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

லட்சத்தீவுக்குள் நுழைய இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். 1967-ஆம் ஆண்டு விதி அது. பர்மிட் ஏஜென்ட் கொடுப்பதல்ல, லட்சத்தீவு நிர்வாகம் கொடுப்பது. நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றையும் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே கேட்கலாம். அரசுக் கட்டணம் என்று பார்த்தால் சில நூறு ரூபாய்தான். மீதி எல்லாம் ஏஜென்ட் தன் ஓட்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் கூலி.

பர்மிட்டில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்தத் தீவு என்றும் அதில் எழுதியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் பெருந்துறைக்காரர் ஒருவர் கொச்சியில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தார். “ஏனுங்க, பர்மிட்டுல கவரத்தின்னு இருக்குது, டிக்கெட் அகத்திக்குப் போட்டிருக்குதுங்க. ஏஜென்ட் போனே எடுக்க மாட்டேங்கறாருங்க” என்றார். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படத்தை நம்பிக் குடும்பத்தோடு ரயிலேறியிருக்கிறார். குழந்தைகளோடு அப்படியே திரும்பி வந்தார்கள். அறை முன்பதிவுச் சீட்டைக் காட்டி, இதுதான் பர்மிட் என்று சொல்கிறவர்களும் உண்டு. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டியே ஆகவேண்டும் என்றால் விடுதியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள். பர்மிட் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

இவர்களை வளர்த்துவிடுவதே நம் நடைமுறைதான். அறை எடுத்தால்தான் பர்மிட், பர்மிட் இருந்தால்தான் பயணம் உறுதி, அதற்குள் விமானத்தில் இடம் தீர்ந்துவிடும். இத்தனை வருஷமாக இதை ஒரே இடத்தில் முடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. சொந்த நாட்டுக்குள் போக ஒரு குடும்பம் இப்படி அல்லாட வேண்டுமா?

சர்டிபிகேட் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு ஒருமுறை கீழே கூட்டிப்போவது அறிமுக டைவ்தான். ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது, நீச்சல் தெரியாதவர்களும் போகலாம். அதற்குத் தரும் தாள் நினைவுக்கு வைத்துக்கொள்ளத்தான். 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு மூன்று, நான்கு நாள் முழுதாக வேண்டும், 200 மீட்டர் நீந்திக் காட்டவும் வேண்டும். தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியிருந்தால் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

மனைவியின் வீசிங்கை மறைக்கச் சொன்னது பெரிய தப்பு. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும். அங்கே நுரையீரல் நிறைய இழுக்கும் காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே வந்தால் அது தானாக வெளியேறிவிடும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் வெளியேற வழியில்லாமல் நுரையீரல் கிழியலாம். சிலிண்டர் காற்று வறண்டது, அதுவே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். டைவிங் மையத்தின் மருத்துவப் படிவத்தை இப்போதே வரவழைத்து நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் மனைவி தீவை ஒட்டிய ஆழமில்லாத லகூனில் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழலும் கண்ணாடியும் போட்டு மேலேயே மிதக்கட்டும். பவளத்திட்டு சுற்றிலும் அலையைத் தடுத்து நிற்பதால் உள்ளே இடுப்பளவு தண்ணீரிலேயே மீன் பார்க்கலாம். அதுவும் நல்ல அனுபவம்தான், குறைவாக நினைக்காதீர்கள்.

இனி குன்னூர். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தண்ணீருக்கடியில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், அதற்குள் உயரம் போனால் உடம்புக்குள்ளேயே குமிழியாகி ஆபத்தாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆனால் குன்னூருக்கு முன்னால் அகத்தியிலிருந்து கொச்சி வரும் விமானம் இருக்கிறதே! பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் மலைமேல் இருப்பதுபோல் குறையலாம். பேக்கேஜ் அட்டவணையில் ‘கடைசி நாள் காலை டைவ், பிறகு ஏர்போர்ட்’ என்று இருந்தால் அந்த ஏஜென்ட்டுக்கு டைவிங் தெரியாது. கடைசி நாளை டைவ் இல்லாமல் காலியாக விடுங்கள்.

கப்பலில் திரும்பினால் மட்டும் கணக்கு வேறு. கப்பல் கடல் மட்டத்திலேயே வருகிறது, பயணமும் ஏறத்தாழ 14 முதல் 18 மணி நேரம். காலை 10 மணிக்குக் கடைசி டைவ் முடித்து மதியம் கப்பலேறி, மறுநாள் காலை 7 மணிக்குக் கொச்சியில் இறங்கினால் 21 மணி நேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து ரயில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவதால் திருப்பூர் வரை உயரப் பிரச்சினை இல்லை. நேரம் எண்ணுவது தண்ணீரை விட்டு மேலே வந்த நிமிஷத்திலிருந்து, கப்பலேறியதிலிருந்து அல்ல. ஆனால் அந்தக் குமிழியின் அறிகுறியாக மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் என்று ஏதாவது இருந்தால் எத்தனை மணி நேரம் கழிந்திருந்தாலும் மேட்டுப்பாளையத்தைத் தாண்டாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ‘டைவிங் செய்துவிட்டு வந்தேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மைத்துனரிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன்.