எதை யாரிடம் கேட்பது: வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கணவரின் பணிமாற்றத்தால் கோயம்புத்தூரிலிருந்து கொழும்பின் வெள்ளவத்தைக்குக் குடிவந்திருக்கும் உங்களை அங்குள்ள குடியிருப்பாளர் குழு கூட்டத்துக்கு அழைத்திருப்பதாகவும், சமூக சேவை, கட்டட வளர்ச்சி, அரசாங்கப் பாடசாலை ஆகியவற்றில் வரும் ஆண்டுக்கு எதை முன்னிறுத்துவது என்று அங்கே தீர்மானிக்கப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஊரில் வார்டு வேலைகளில் பழகிய நீங்கள் இங்கே வாய் திறக்கலாமா என்பது உங்கள் கேள்வி. தூத்துக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, இப்படியொரு குழுவில் நெடுங்காலமாக இருப்பவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். தாராளமாகப் போங்கள், பேசவும் செய்யுங்கள். ஆனால் எந்தக் கோரிக்கை யாருடைய கையில் இருக்கிறது என்று பிடிபடும்வரை கோவை அனுபவத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள்.

கோவையில் மாநகராட்சியே பள்ளிக்கூடங்களையும் நடத்துவதால், சாக்கடைக்கும் வகுப்பறைக்கும் ஒரே கவுன்சிலரைத் தேடிப் போகும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொழும்பு மாநகர சபை குப்பை, வடிகால், உள்வீதிகள், நூலகங்கள், தாய்சேய் கிளினிக்குகள், கட்டட அனுமதி ஆகியவற்றைப் பார்க்கிறதே தவிர, பாடசாலைகள் அதன் பொறுப்பில் இல்லை. தேசியப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் கீழும், மற்ற அரசாங்கப் பாடசாலைகள் மேல் மாகாண சபையின் கீழும் வருகின்றன. அந்த மாகாண சபையின் பதவிக்காலமோ 2019 ஏப்ரலில் முடிந்துவிட்டது. அதன் பின்னர் தேர்தல் நடக்காமல் ஆளுநரின் நிருவாகத்திலேயே காரியங்கள் நடப்பதால், மாகாணப் பாடசாலை ஒன்றின் கூரையைப் பற்றிக் கேட்கத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி மேயருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குழுக்கள் களைத்துப்போவது இதனால்தான்.

கல்வி என்றதும் கூட்டத்தில் ஆளுக்கொரு கருத்து வரும். கட்டடம் வேண்டும், தமிழ்மொழி மூல ஆசிரியர் வேண்டும், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கேட்கும் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பார்கள், எல்லாம் நியாயமானவையே. ஆயினும் என் பார்வையில் முதலில் நிற்க வேண்டியது வாக்காளர் இடாப்பு, அதாவது நம் ஊரில் சொல்லும் வாக்காளர் பட்டியல். முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது 50 சதவீத இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கும், 25 சதவீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 சதவீதம் ஏற்கெனவே அங்கே படிப்போரின் சகோதரருக்கும் போகின்றன. அருகில் வசிப்பதை நிரூபிக்க ஐந்து ஆண்டுகளுக்கான வாக்காளர் இடாப்புப் பதிவும், உறுதி எனப்படும் வீட்டு உரிமைப் பத்திரம் அல்லது பதிவு செய்யப்பட்ட குத்தகைப் பத்திரமும் கேட்கப்படும். விண்ணப்பித்த பாடசாலையைவிட வீட்டுக்கு அருகில் வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி குறையும். வாடகைக்கு இருப்பவர் பெயரைப் பதிந்தால் வீடு கைவிட்டுப் போகும் என்று அஞ்சும் உரிமையாளர்கள் வெள்ளவத்தையில் குறைவில்லை. பதிவு செய்வதால் வீட்டின் மீது எந்த உரிமையும் வந்துவிடாது என்றாலும், அந்த அச்சத்துக்குப் பலியாவது சைவ மங்கையர் வித்தியாலயத்துக்கோ பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கோ நடந்தே போகக்கூடிய தூரத்தில் வாழும் பிள்ளைதான். 1945 முதல் இலவசக் கல்வி தரும் நாட்டில், பிள்ளையின் இடம் வீட்டுக்காரரின் மனத்தில் தொங்குவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தொடர்மாடி தொடர்மாடியாக ஏறி இறங்கி, உரிமையாளரையும் வாடகைக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்து விளக்குவதற்குக் குழுவிடம் ஆள்பலம் உண்டு. எந்த அமைச்சரின் கையொப்பமும் இதற்குத் தேவையில்லை.

சமூக சேவையிலும் இதே கதைதான். வறிய குடும்பங்களுக்காக அரசாங்கம் 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிப் பணத்துக்கு 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்களைத் தெரிவு செய்கிறார்கள். வீட்டின் நிலையும் மின்சாரப் பாவனையும் அவற்றில் அடங்கும். எங்கள் குழு கோயில் மண்டபத்தில் உதவி மேசை போட்டிருந்தபோது, பலகை வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட வயதான அம்மா ஒருவர் பொலித்தீன் பையிலிருந்து அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, மின்கட்டணச் சீட்டுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். சீமெந்துச் சுவரும் தனி மீட்டரும் வந்துவிட்டதால் காகிதத்தில் அவர் வசதியானவராகிவிட்டார். மகன் வேலையிழந்தது அதில் எங்கும் இல்லை. மேன்முறையீட்டை எழுதிக்கொடுத்து, கிராம உத்தியோகத்தரைச் சந்திக்க வைத்து, பிரதேச செயலகம் வரை கூடப்போவதுதான் அங்கே செய்யக்கூடிய வேலை. வருடத்துக்கொரு தடவை உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் எடுப்பதை முன்னுரிமை என்று யாராவது சொன்னால், மரியாதையாக எதிர்த்துப் பேசுங்கள்.

கட்டட வளர்ச்சியைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும், பயன் குறைவு. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருங்கிவிட்டன. இனிக் கட்டவே கூடாது என்பது வீடு வாங்கிவிட்டவர்களின் கோரிக்கை மட்டுமே. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி வாகனத் தரிப்பிடம் விட்டார்களா, மழைநீர் எங்கே போகிறது என்று கேட்பது வேறு. குப்பையை இதனோடு சேர்த்தே பேச வேண்டும். 2017 ஏப்ரல் 14 அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த நகரம் மறக்கக் கூடாது.

உங்கள் நிலையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குடியுரிமையுடன் இருக்கும்வரை இங்கே உங்களுக்கு வாக்கு இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குடிமக்களுக்கானதே. ஆனால் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் குடிமக்களாக உள்ள அமைப்பும் அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே கூட்டத்தில் உங்கள் பெயரைக் கையொப்பமிட முன்வைக்காதீர்கள். கடிதம் வரையவும் கோப்பு பேணவும் முன்வாருங்கள். அதற்குத்தான் எந்தக் குழுவிலும் ஆள் கிடைப்பதில்லை.

உங்கள் மகனின் பாடசாலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவிலிருந்து வேலைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் சர்வதேசப் பாடசாலைகளையே நாடுகின்றன. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள். கட்டணம், சேர்க்கை எதிலும் இந்தக் குழுவால் உதவ முடியாது. எந்தப் பாடத்திட்டம் வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள்.