பழைய வீட்டின் கான்கிரீட் படிகள் உரிகின்றன: மேலே பூசினால் போதுமா, இடித்துப் போட வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எண்பது வயது கடந்த மர வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார். முன்வாசல் படிகளும் நடைபாதையும் மேல்தோல் உரிந்து ஜல்லி தெரிகிறதாம். ஓர் அங்குலம் சிமெண்ட் பூசினால் போதும் என்று ஒருவரும், இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று இன்னொருவரும் சொல்லியிருக்கிறார்கள்.

இடிக்கச் சொன்னவர் சொல்வதுதான் சரி. பூசுகிறவர் பாதி விலை சொல்லியிருப்பார். வீடு வாங்கிய கையோடு கையில் பணமும் இருக்காது. எனக்கு அந்த நிலைமை தெரியும். ஆனாலும் பூசாதீர்கள். பழைய கான்கிரீட்டுக்கும் புதிய பூச்சுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கும், உறையும், பூச்சைத் தூக்கிவிடும். பாலிமர் கலந்த நல்ல பூச்சு சமதளத்தில் சில ஆண்டு நிற்கிறது, எங்கள் தெருவிலேயே ஒன்று நிற்கிறது. அதை வைத்து யாரும் என்னோடு வாதம் செய்ய வர வேண்டாம். நான் சொல்வது படிகளைப் பற்றி. படியின் விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்பதை நான் பார்த்ததில்லை.

நான் பொறியாளர் அல்ல, கணக்கு எழுதுகிறவன். ஆனால் இதே ஊரில், இதே மாதிரி வீட்டில், இதே படிகளுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2016 அக்டோபர் கடைசி வாரம். பழைய படிகளை உடைத்துவிட்டு நான்கு படிகளும் வாசல் வரை நடைபாதையும் போட ஓர் ஒப்பந்ததாரரை அமர்த்தினேன். மொத்தம் 2 கன மீட்டர் கான்கிரீட். லாரி வந்து நின்றபோது கலவை கெட்டியாக இருந்தது. தள்ளுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது என்று அவருடைய ஆட்களில் ஒருவர் குழாயை எடுத்து லாரியின் உருளைக்குள் தண்ணீர் விடச் சொன்னார். ஓட்டுநர் விட்டார். பிறகு ஒரு சீட்டை நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். அன்று தூறல் வேறு. மேலே தண்ணீர் மினுமினுத்துக்கொண்டிருக்கும்போதே இரும்புக் கரண்டியால் தேய்த்துக் கண்ணாடி போல் வழவழப்பாக்கினார்கள். சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். மேலே ஒரு துணிகூடப் போர்த்தவில்லை.

நவம்பரில் உறைபனி தொடங்கியது, டிசம்பரில் உப்புத் தூவினேன். ஏப்ரலில் பனி விலகியபோது நடைபாதை முழுவதும் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து கிடந்தது. விரலால் நெம்பினால் அடுத்த துண்டும் வந்தது. அடியில் ஈர மணல் மாதிரி ஒரு பொடி, அதற்குள் பளிச்சென்று ஜல்லி. ஒப்பந்ததாரரை அழைத்தேன். "உப்புப் போட்டீர்களா?" என்று ஒரே கேள்வி. ஆமாம் என்றேன். உத்தரவாதம் அதோடு முடிந்தது.

உப்புப் போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. முதல் குளிர்காலத்தில் புதுக் கான்கிரீட்டில் உப்பே படக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் பத்தடி தள்ளி இருக்கும் நகராட்சி நடைபாதைக்கு என்னைவிடப் பல மடங்கு உப்புப் போடுகிறார்கள், அது அப்படியே இருக்கிறதே. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் அந்தச் சீட்டில் இருந்தது. வெளியில் கிடந்து பனியும் உப்பும் படும் கான்கிரீட்டுக்குக் கனடியத் தரநிலையில் சி-2 என்று ஒரு வகுப்பு உண்டு. குறைந்தது 32 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும் வலிமை, சிமெண்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாத தண்ணீர், வழக்கமான ஜல்லி அளவுக்கு 5 முதல் 8 சதவீதம் காற்றுக்குமிழிகள். ஆலையிலிருந்து அப்படித்தான் வந்திருந்தது. அதே சீட்டின் அடியில், தளத்தில் சேர்த்த தண்ணீர் 60 லிட்டர் என்று எழுதி, அதன் கீழே என் கையெழுத்து. கன மீட்டருக்கு 360 கிலோ சிமெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.45 என்றால் 162 லிட்டர் தண்ணீர். 2 கன மீட்டரில் 60 லிட்டர் சேர்த்தால் கன மீட்டருக்கு 30 லிட்டர் கூடி 192 ஆகிறது. 360-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.53. நான் காசு கொடுத்து வாங்கிய கலவையை என் வாசலிலேயே, என் கையெழுத்தோடு, வேறு கலவையாக மாற்றிவிட்டார்கள். போதாததற்கு மேலே மிதந்த தண்ணீரையும் தேய்த்து உள்ளே தள்ளி, எது வெயிலுக்கும் பனிக்கும் முகம் கொடுக்க வேண்டுமோ அந்த மேல்தோலையே பலவீனமாக்கினார்கள்.

இந்த ஊரில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். குளிர் அதிகமான ஊரில்தான் கான்கிரீட் அதிகம் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டின் நடுவில், கடுங்குளிர் ஊரான வின்னிபெக்கில் நவம்பரில் உறைந்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உறைந்தே கிடக்கும். ஹாலிஃபாக்ஸ் கடலோரம். காலையில் மழை, மாலையில் பனி, இரவில் உறைவு, மறுநாள் மதியம் மீண்டும் உருகல். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிய தண்ணீர் ஒவ்வொரு முறை உறையும்போதும் உள்ளிருந்து முட்டுகிறது. உப்பு அந்தச் சுழற்சியைக் கூட்டுகிறது: பனியை உருக்கி உள்ளே அனுப்புகிறது, இரவில் அது மறுபடி உறைகிறது. கலவைக்குள் வேண்டுமென்றே விடும் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழிகள்தான் அந்த முட்டலுக்கு இடம் கொடுத்துக் காப்பாற்றுகின்றன.

2018 ஜூனில் அப்பா வந்தார். தென்காசிப் பக்கம் நாற்பது ஆண்டு கொத்தனார் வேலை பார்த்தவர். வந்த மறுநாள் காலையே படியில் குத்தவைத்து உட்கார்ந்து வீட்டுச் சாவியால் தட்டிக்கொண்டே வந்தார். சில இடத்தில் கிண்ணென்றது, பல இடத்தில் பொதபொதவென்றது. "கலவையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் ஐயா" என்றார். நான் சீட்டைக் காட்டவே இல்லை.

இரண்டாவது முறைக்கு அறுபது வயது தாண்டிய ஒரு பெரியவரைப் பிடித்தோம். அவர் கான்கிரீட்டைப் பார்ப்பதற்கு முன் கூரையைப் பார்த்தார். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நேராகப் படியின் பக்கவாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதை ஆறடி தள்ளி விட்டார். பிறகு படிகளின் அடித்தளத்துக்கு நான்கு அடி தோண்டினார். இங்கே மண் அந்த ஆழம்வரை உறைந்து தூக்கும் என்று கணக்கு. செலவு வலித்தது. ஆனால் அந்த நான்கு அடி இல்லாத படிகள் வீட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதை இந்த ஊரில் தெருவுக்கு இரண்டு வீட்டில் பார்க்கலாம்.

கலவை கெட்டியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். ஆலையிலேயே இளக்கி மருந்து சேர்த்து வரவழைப்பதாகச் சொன்னார். தண்ணீர் கூட்டாமலேயே கலவை ஓடும். லாரி வந்தபோது அப்பா குழாயின் திருகுக்குப் பக்கத்திலேயே நின்றார். ஆங்கிலம் தெரியாது. யாரும் குழாயைத் தொடவும் இல்லை.

காற்று விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. வாழ்நாள் முழுவதும் கம்பியால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றியவர் அவர். காசு கொடுத்துக் காற்றை உள்ளே விடுகிறார்களா என்று இரண்டு முறை கேட்டார். பெரிய ஓட்டை வேறு, இந்தக் குமிழி வேறு என்று பெரியவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். துடைப்பத்தால் கோடு இழுத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டதும் அவருக்கு வருத்தம்தான். சிவப்பு ஆக்சைடு தரையில் முகம் பார்க்கும்படி தேய்த்த கை அது. ஆனால் நீராற்றுவதில் பெரியவர் அப்பாவுக்கு வழிவிட்டார். ஊரில் மொட்டைமாடிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். இங்கே சாய்தளம், நிற்காது. அதனால் சணல் சாக்கு விரித்து, காலையும் மாலையும் நனைத்து, மேலே பிளாஸ்டிக் போர்த்தி 7 நாள் காத்தார். மூன்றாவது படியில் சாக்கைக் கொஞ்சம் முந்தி விரித்துவிட்டதால் அதன் நெசவு பதிந்துவிட்டது, இன்றும் தெரியும். "உள்ளே தண்ணீர் குறைவாக, மேலே தண்ணீர் நிறைவாக" என்று பெரியவரிடம் சொல்லச் சொன்னார். பெரியவர் அதை எழுதிக்கொண்டார்.

அந்த வாரம் அப்பாவை இந்த ஊரின் ஹைட்ரோஸ்டோன் பகுதிக்குக் கூட்டிப்போனேன். 1917 டிசம்பர் 6 அன்று துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து நகரின் வடபகுதி அழிந்த பிறகு, வீடிழந்தவர்களுக்காகத் தீப்பிடிக்காத கான்கிரீட் கற்களால் கட்டிய வீடுகள். காற்றுக்குமிழி மருந்தெல்லாம் வருவதற்கு முந்தைய கான்கிரீட், நூறு ஆண்டாக நிற்கிறது. அப்பா சுவரைத் தடவிவிட்டு, "சுவரில் தண்ணீர் தங்காது, படியில் தங்கும்" என்று மட்டும் சொன்னார்.

இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. என் தங்கை கல்யாணத்தில் பத்திரிகை அடிக்கும்போது சம்பந்தி வீட்டார் அப்பா பெயருக்குக் கீழே கொத்தனார் என்று போட வேண்டாம், பில்டிங் காண்ட்ராக்டர் என்று போடுங்கள் என்றார்கள். போட்டோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆறாயிரம் டாலர் வாங்கிய அந்த முதல் ஒப்பந்ததாரருக்குத் தெரியாததைச் சாவியால் தட்டிச் சொன்ன மனிதர் அவர். அந்தப் பத்திரிகையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கைப்பிடிக் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் புதைக்க விடாதீர்கள். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பெருத்துப் படியின் மூலையை உடைக்கும். மேலே தட்டு வைத்துத் திருகச் சொல்லுங்கள். படியின் மேல்தளம் வீட்டின் அடிமரத்துக்குக் குறைந்தது ஒரு சாண் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் மரம் உளுக்கும். அடித்தளம் பழைய கல்லும் சுண்ணாம்பும் என்றால் அதன் மேல் கெட்டிச் சிமெண்ட் பூச யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே உரிக்கும். சுண்ணாம்புக் கலவையால் சந்து அடைப்பவரைத் தேடுங்கள். வேலையைச் செப்டம்பருக்குள் முடியுங்கள், உறைபனிக்கு முன் கான்கிரீட் உலர ஒரு மாதமாவது வேண்டும். முதல் குளிர்காலம் மணல் மட்டும் போடுங்கள். அதற்குப் பிறகும் அம்மோனியம் சேர்ந்த பனியுருக்கி வேண்டாம், அது கான்கிரீட்டையே தின்னும்.

கான்கிரீட் கொட்டும் நாளில் விடுப்பு எடுத்து வீட்டில் இருங்கள். ஓட்டுநர் சீட்டை நீட்டும்போது, சேர்த்த தண்ணீர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.