ஜெபத்துல உக்காந்தா மனசு ஒட்ட மாட்டேங்குது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் பைபிள் வாசிக்கிறேன், உபவாசம்கூட இருக்கேன். ஆனா கூடப்பிறந்த அண்ணன்கிட்ட ரெண்டு வருஷமா பேச்சே இல்ல. சொத்து விஷயத்துல நானும் கொஞ்சம் ஓவரா பேசிட்டேன், அவரும் பேசினாரு. இப்பல்லாம் ஜெபத்துல உக்காந்தா மனசு ஒட்டவே மாட்டேங்குது. என் விசுவாசம் குறைஞ்சுபோச்சா?

பதில்: குறைஞ்சிருந்தா இந்த உறுத்தலே வந்திருக்காதுங்க. நீங்க ஜெபத்தைப் பத்திக் கேக்குறீங்க, ஆனா நடுவுல அண்ணன் கதையை நீங்களேதான் கொண்டுவந்தீங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. மத்தேயு 5:23, 24 எடுத்துப் பாருங்க. பலிபீடத்துல காணிக்கை செலுத்த வர்றப்போ “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு இயேசு சொல்றாரு. அண்ணன் மேல உங்களுக்கு என்ன கோபம்னு அங்க கேள்வியே இல்ல, அவருக்கு உங்க மேல என்ன வருத்தம்னுதான் கேள்வி. இன்னொண்ணு, இதைச் சொன்னது கலிலேயாவுல, பலிபீடம் இருந்தது எருசலேம்ல, நடந்துபோனா சுமார் மூணு நாள் ஆகும். அப்போ கலிலேயாக்காரன் ஒருத்தன் அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தப்புறம் எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு ஊருக்குத் திரும்பி, சமாதானம் ஆகி, மறுபடியும் நடந்து வரணும், கேக்கவே கால் வலிக்குது இல்ல? உங்களுக்கு ஒரு போன் கால்தான். பவுலும் கலாத்தியர் 5:6ல “அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்”னுதான் எழுதுறாரு, உபவாசம் வேண்டாம்னு நான் சொல்ல வரல, ஆனா உபவாசம் இருந்து அண்ணனை அவாய்ட் பண்ண முடியாது.

போன்ல சொத்துப் பேச்சை எடுக்காதீங்க, அது வேற நாளைக்கு. “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணா”ன்னு உங்க பங்கை மட்டும் சொல்லுங்க, “ஆனா நீங்களும்”னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சுது கதை. அவர் கட் பண்ணிட்டா? பண்ணட்டும். ரோமர் 12:18ல “கூடுமானால் உங்களாலானமட்டும்” எல்லாரோடயும் சமாதானமா இருங்கன்னுதான் இருக்கு, அவர் மனசை மாத்துற வேலையை யாரும் உங்க தலையில கட்டல. (அடி உதை, மிரட்டல்னு இருக்கிற வீடுன்னா இது பொருந்தாது, அங்க முதல்ல பாதுகாப்பா இருங்க, மன்னிப்பு பத்தி அப்புறம் பேசலாம்.)

கேள்வி: கடவுள் இருக்காரான்னே சில நாள் சந்தேகம் வருது. சர்ச்சுல சொன்னா தப்பா நினைப்பாங்களோன்னு பயம். இது பாவமா?

பதில்: மாற்கு 9ல பிள்ளைக்கு சொகமில்லாம இயேசுகிட்ட வந்த ஒரு அப்பா, விசுவாசிக்கிறேன்னு சொல்லிட்டு அதே மூச்சுல என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்னு அழுறாரு. இயேசு அவரைத் திட்டல, சந்தேகம் தீர்ந்தப்புறம் வான்னு திருப்பி அனுப்பவும் இல்ல, பையனைக் குணமாக்கினாரு. நீங்களும் அந்த அப்பா மாதிரி நேராவே கேளுங்க, சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லணும்னு அவசியமில்ல, காது கொடுத்துக் கேக்குற ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னா போதும்.