யூஃப்ரோனியோஸ் சாடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2008-இல் இத்தாலிக்குத் திருப்பி அனுப்பிய கிரேக்கச் சாடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு குழப்பம். செய்தவர்கள் ஏதென்ஸ்காரர்கள், வரைந்திருப்பது ஹோமர் பாடிய கதை. அப்படியென்றால் கிரீஸுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

நியாயமான கேள்விதான். ஆனால் சாடி கிரீஸிலிருந்து திருடு போகவில்லை. கி.மு. 515 வாக்கில் யூக்சிதியோஸ் வனைந்து, யூஃப்ரோனியோஸ் படம் எழுதி, இருவரும் பெயர் பொறித்து, கடல் கடந்து விலைக்குப் போன சரக்கு அது. வாங்கியவர்கள் அன்று இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் என்ற பண்டைய மக்கள். ஏதென்ஸ் சாடிகள் மேல் அவர்களுக்குத் தீராத மோகம். செத்தவர்களோடு கல்லறையிலும் வைத்தார்கள். இன்று முழுசாகக் கிடைக்கும் கிரேக்கச் சாடிகளில் ஏராளமானவை அந்தக் கல்லறைகளில் பிழைத்தவை.

இதை ரோமுக்கு அருகே செர்வெதெரியில் 1971 டிசம்பரில் கல்லறைத் திருடர்கள் தோண்டி எடுத்தார்கள். அங்கே மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். சட்டக் கேள்வி அதோடு முடிந்தது.

சாடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கும் பாத்திரம் இது, 45 லிட்டர் பிடிக்கும். ட்ராய் போரில் விழுந்த வீரன் சர்பெடோனை உறக்கம், மரணம் என்ற இரு தேவர்கள் ஆளுக்கொரு பக்கம் தூக்குகிறார்கள், நடுவில் தேவதூதன் ஹெர்மிஸ் நிற்கிறார். காயங்களிலிருந்து ரத்தம் வழிகிறது. உடல்களுக்கு நிறம் பூசவில்லை; பின்னணி கறுப்பாகிவிட, மீந்த மண்ணின் செம்மையே உடலாக நிற்கிறது. அப்புறம் அதற்குள் நுண்கோடுகள். விருந்தில் குடிக்கப் போகிறவன் முன்னால் இப்படியொரு பிணத்தை வைத்தவனின் துணிச்சலை என்ன சொல்ல!

1972-இல் ராபர்ட் ஹெக்ட் என்ற வியாபாரி இதை மெட்ரோபாலிடனுக்கு 10 லட்சம் டாலருக்கு விற்றார். லெபனான் வியாபாரி ஒருவரின் குடும்பத்தில் பல காலமாகத் துண்டுகளாகக் கிடந்தது என்று காகிதம் காட்டினார். அடுத்த வருடமே பத்திரிகைகள் திருட்டுக் கதையை எழுதிவிட்டன. அருங்காட்சியகம் முப்பது வருடங்களுக்கு மேல் அசையவில்லை. 1995-இல் ஜெனிவாவில் ஜாகோமோ மெடிச்சி என்ற வியாபாரியின் கிடங்கைச் சோதனையிட்டபோது திருட்டுத் தொல்பொருட்களின் ஆயிரக்கணக்கான போலராய்டு படங்கள் சிக்கின. நியூயார்க் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஊர் சுற்ற வந்தவர் மாதிரி அவர் நிற்கும் புகைப்படமும் உண்டு. 2006-இல் சாடியைத் திருப்பித் தர இத்தாலியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. திருட்டுத் தொல்பொருள் வியாபாரம் செய்ததாக இத்தாலியில் ஹெக்ட் மீது நடந்த வழக்கு 2012-இல் காலக்கெடு முடிந்து, தீர்ப்பில்லாமலே போயிற்று.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. திருடன் தோண்டும்போது குறிப்பு எடுப்பதில்லை. அந்தக் கல்லறையில் இருந்தவர் யார், பக்கத்தில் என்னென்ன வைத்திருந்தார்கள், சாடி எந்த மூலையில் இருந்தது என்பதெல்லாம் அந்த டிசம்பரிலேயே அழிந்துவிட்டன. எந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாலும் அது வராது.

ரோம் போனால் அங்குள்ள வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் தேடாதீர்கள். முதலில் அங்கேதான் வைத்திருந்தார்கள். பிறகு செர்வெதெரிக்கே கொண்டுபோய்விட்டார்கள்.