எச்-1பி விசாவில் இருப்பவர் பல வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யலாமா?

மட்டக்களப்பிலிருந்து, தொழில்தேர்ச்சி பெற்றோருக்கான தற்காலிக வேலை விசாவான எச்-1பியில் அமெரிக்காவிற்குச் சென்றுள்ள மென்பொருள் ஆலோசகரான நீங்கள், உங்கள் கம்பனியின் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்துகொண்டே, கல்முனைக் கடையொன்றுக்கும் தனியாக மென்பொருள் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவதில் தடையில்லை. விசா உங்கள் முதலாளியுடன் பிணைக்கப்பட்டது. அவர் உங்களுக்காக அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் தாக்கல் செய்த மனுவில் கூறிய வேலையைச் செய்து, சம்பளத்தை அந்த முதலாளியே தரும்வரை வாடிக்கையாளர் எத்தனை பேரும் இருக்கலாம். ஆனால் வேலைத்தலத்தைக் கவனியுங்கள். மனுவில் இல்லாத வேறொரு பெருநகரப் பகுதிக்கு உங்களை அனுப்பினால், குறுகிய காலப் பணிக்கான விதிவிலக்குகள் தவிர, நீங்கள் அங்கே வேலை தொடங்குமுன் திருத்திய மனு தாக்கல் செய்யப்பட வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டில் சிமியோ என்ற நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்கக் குடிவரவு மேன்முறையீட்டு அலுவலகம் வழங்கிய தீர்ப்பிலிருந்து உறுதியான விதி. வாடிக்கையாளரின் அலுவலகத்திலும் உங்கள் பதவிக்கான சம்பளத்தைக் குறிப்பிடும் அறிவித்தல் 10 நாட்கள் காட்சிப்படுத்தப்பட வேண்டும். காகிதமாக ஒட்டுவதானால் கண்ணில் படும் இரண்டு இடங்களில். அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடை வேலையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். கூலி தகப்பனாரின் வங்கிக் கணக்கிற்கு ஊரில் வந்தாலும், நீங்கள் அமெரிக்காவில் இருந்து செய்த வேலை அனுமதியற்ற வேலையாகவே கருதப்படும். அது பிற்காலத்தில் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தையே பாதிக்கக்கூடும், இதை நம்மவர் பலர் சிறிய விடயமாக எண்ணுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அமெரிக்க நிறுவனமொன்று உங்களைப் பகுதிநேரமாக விரும்பினால், அது தனது பெயரில் இன்னொரு எச்-1பி மனுவைத் தாக்கல் செய்யலாம்; ஆண்டுதோறும் வழங்கும் எச்-1பி விசாக்களின் வரையறுத்த ஒதுக்கீட்டில் ஏற்கெனவே எண்ணப்பட்டவர், ஆட்களைத் தெரிவு செய்யும் குலுக்கலுக்குள் மீண்டும் போக வேண்டியதில்லை.