கெர்னல் புதுப்பித்தலுக்குப் பின் வைஃபை மறைந்தால் எங்கிருந்து தேடுவது?

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் உள்ளது. வைஃபை இதுவரை சரியாக இயங்கியது. அண்மையில் கணினியைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தபோது, அமைப்புகள் பக்கத்தில் வைஃபை அடாப்டரே இல்லை என்ற செய்தி வந்தது. வைஃபை அட்டையைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸுக்கான டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) மட்டுமே கிடைக்கிறது. லினக்ஸை முழுவதும் மீண்டும் நிறுவுவதுதான் வழியா?

பதில்: மீண்டும் நிறுவத் தேவையில்லை. புதுப்பித்தல் வரை இயங்கியது என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதே தேட வேண்டிய இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடுகிறது. கணினி தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தி, எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழைத்து, அதிலுள்ள மேம்பட்ட தேர்வுகளில் முந்தைய கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி; புதுப்பித்தலில் இதுவும் மாறியிருக்கக்கூடும்) தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வைஃபை திரும்ப வந்துவிட்டால், அட்டையில் பழுதில்லை என்பதும், புதிய கெர்னலுக்குரிய டிரைவர்தான் அமையவில்லை என்பதும் உறுதியாகிவிடும். பழுதுபார்க்கத் தேவையான இணைய இணைப்பும் அதிலேயே கிடைத்துவிடும். அதிலும் வராவிட்டால், கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் வழியாக இணையத்தைப் பெறலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இதற்கெனத் தனி டிரைவர் எதுவும் வேண்டியதில்லை.

தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவரைத் தேடுவது விண்டோஸில் பழகிய வழி. லினக்ஸில் பெரும்பாலான வைஃபை டிரைவர்கள் கெர்னலுடனேயே வருகின்றன. இன்டெல் அட்டைகளுக்கான ஐடபிள்யூஎல்வைஃபை, மீடியாடெக் அட்டைகளுக்கான எம்டி76, ஏதெராஸ் அட்டைகளுக்கான ஏடிஎச்9கே ஆகியவை அப்படிப்பட்டவை. பிராட்காம் நிறுவனத்தின் டபிள்யூஎல் டிரைவரும், ரியல்டெக் அட்டைகளுக்கெனத் தனிநபர்கள் பராமரித்துவரும் சில டிரைவர்களும் இதற்கு விலக்கு. இவை கெர்னலுக்கு வெளியே இருப்பதால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் புதிதாகத் தொகுக்கப்பட (மூலநிரலிலிருந்து இயங்கும் வடிவுக்கு மாற்றப்பட) வேண்டும். புதுப்பித்த மறுநாளே வைஃபை காணாமல் போவது பெரும்பாலும் இவற்றில்தான்.

உங்களுடையது எந்த அட்டை என்பதை ஊகிக்க வேண்டாம். முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளையை ‘என்என்கே’ என்ற சுவிட்சுடன் இயக்கி, நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் நிறுவனத்தைக் குறிக்கும்: 8086 என்றால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 10இசி என்றால் ரியல்டெக். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைவிட இந்த எண்களையே நம்புங்கள், ஏனெனில் ஒரே பெயரில் விற்கப்படும் அடாப்டருக்குள் வெவ்வேறு சில்லுகள் இருப்பது வழக்கம். அந்தப் பகுதியின் கீழே, பயன்பாட்டிலுள்ள கெர்னல் டிரைவர் எது என்று காட்டும் வரி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அட்டை தெரிந்து அந்த வரி மட்டும் இல்லையென்றால், டிரைவர் ஏற்றப்படவில்லை. அட்டையே பட்டியலில் இல்லையென்றால், எந்த டிரைவரை நிறுவியும் பயனில்லை. பயாஸ் எனும் கணினியின் அடிப்படை அமைப்பில் அது முடக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். யூஎஸ்பி அடாப்டர்களுக்கு எல்எஸ்யூஎஸ்பி கட்டளை.

வெளியிலிருந்து வரும் டிரைவர்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் தானாகத் தொகுத்துத் தருவது டிகேஎம்எஸ் என்ற கருவி. அதன் நிலையைக் கேட்டால், எந்த டிரைவர் எந்தக் கெர்னலுக்கு நிறுவப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடும். புதிய கெர்னலின் எண் அங்கு இல்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது, டிரைவரைத் தொகுக்கத் தேவையான கோப்புகள் அடங்கிய கெர்னல் ஹெட்டர் தொகுப்பை. அது இல்லாமல் டிகேஎம்எஸ் எதையும் தொகுக்க முடியாது. உபுண்டுவில் பொதுவான ஹெட்டர் தொகுப்பை நிறுவிவிட்டால், விடுபட்ட தொகுப்புவேலை பெரும்பாலும் அப்போதே நடந்துவிடும். இனி வரும் கெர்னல்களுக்கும் ஹெட்டர்கள் கூடவே வரும்.

ஹெட்டர் இருந்தும் தொகுப்புவேலை பிழையில் முடிந்தால், டிரைவரின் மூலநிரல் புதிய கெர்னலுக்குப் பழையதாகிவிட்டது என்று பொருள். ரியல்டெக் அட்டைகளில் இது அடிக்கடி நேரும். அந்நிலையில் வேறொரு மூலநிரலைத் தேடும் முன், கெர்னலே உங்கள் அட்டையை இப்போது ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ரியல்டெக் அட்டைகளுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கெர்னல் 5.2 முதலும், ஆர்டிடபிள்யூ89 கெர்னல் 5.16 முதலும் உள்ளன; முன்னதில் யூஎஸ்பி அடாப்டர்களுக்கான ஆதரவு 6.2 பதிப்பில் சேர்ந்தது. ஆதரவு இருந்தால் வெளி டிரைவரை நீக்கிவிடுவதே நல்லது. ஆனால் அதை நிறுவியபோது, கெர்னல் டிரைவர் குறுக்கிடாதிருக்க டிரைவர்களை ஏற்றும் மோட்புரோப் கட்டளையின் அமைப்புக் கோப்புறையில் ஒரு தடைப்பட்டியல் கோப்பு சேர்க்கப்பட்டிருக்கலாம். டிரைவரை நீக்கியவர்கள் பலர் இந்தக் கோப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு வெளி டிரைவரும் இல்லை, கெர்னல் டிரைவரும் ஏறாது.

டிரைவர் தொகுக்கப்பட்டிருந்தும், மோட்புரோப் கொண்டு ஏற்றும்போது சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழை வந்தால், காரணம், நம்பகமான சாவியால் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் வசதி. கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. டிரைவரை நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும்; அடுத்த மறுதொடக்கத்தில் நீலத் திரை தோன்றும்போது சாவியைப் பதியும் தேர்வைத் தெரிவுசெய்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரையைப் பிழை என்று எண்ணித் தொடர்வதை அழுத்தியவர்களுக்குச் சாவி பதிவாகியிருக்காது.

உங்களுடையது இன்டெல் அட்டை என்றால் மேற்சொன்ன டிகேஎம்எஸ் விவரம் எதுவும் பொருந்தாது. அங்கு பார்க்க வேண்டியது ஃபர்ம்வேர், அதாவது அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரியும் அதன் இறுதியில் கழித்தல் 2 என்ற எண்ணும் இருந்தால், கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விண்டோஸும் அதே கணினியில் இருந்தால், அதிலுள்ள விரைவுத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது விண்டோஸை முழுமையாக அணைக்காததால், லினக்ஸ் தொடங்கும்போது அட்டை பதிலளிக்காமல் போவதுண்டு.

டிரைவர் ஏறியிருந்தும் வலையமைப்புகள் தெரியவில்லையென்றால் வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் பட்டியலைப் பாருங்கள். மென்தடையைக் கட்டளையால் நீக்கலாம். வன்தடை என்றால் மடிக்கணினியின் பொத்தானையோ விசையையோதான் அழுத்த வேண்டும்.

விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டலாம் என்று பழைய கட்டுரைகள் பரிந்துரைக்கும் என்டிஐஎஸ்ராப்பர் வழிக்கு இப்போது போகவே வேண்டாம்.

இவை முடியும்வரை முந்தைய கெர்னலிலேயே பணியைத் தொடருங்கள். தேவையற்ற தொகுப்புகளை நீக்கும் கட்டளையை மட்டும் அதுவரை இயக்காதீர்கள், அது அந்தக் கெர்னலையும் சேர்த்து நீக்கிவிடக்கூடும். எவரிடமாவது உதவி கேட்க நேர்ந்தால், அட்டையின் இரண்டு எண்களையும், கெர்னல் பதிப்பையும், டிமெசேஜ் பதிவில் அட்டை தொடர்பான வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள்.